புதுப்பிப்பு: போர்ஷே 930 டர்போ கார், வால்வு சரிசெய்த பிறகும் டிக் டிக் சத்தம்

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. சத்தம் நின்றுவிட்டது. போர்ஷே 930-இல் என்ஜின் குளிர்ந்த நிலையில், வால்வுக்கும் அதை அழுத்தும் ஸ்க்ரூவுக்கும் நடுவே 0.10 மி.மீ. இடைவெளி வைத்தும் சத்தம் போகவில்லை என்று கேட்டிருந்தேன்.

கைகொடுத்தது பின்பக்க முறைதான். ஸ்க்ரூவின் அடியில் ஃபீலர் தகட்டை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) திணித்து மல்லுக்கட்டாமல், கேமின் (சுழன்று வால்வைத் திறக்கும் பாகம்) வட்டமான முதுகுக்கும் ராக்கருக்கும் (கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் நெம்புகோல்) நடுவே விட்டு அளந்தேன்: 0.0025 அங்குலத் தகடு நுழைய வேண்டும், 0.003 நுழையக் கூடாது. இப்படிப் பார்த்தபோதுதான் என் தவறு தெரிந்தது. ஸ்க்ரூவை அசையாமல் பிடிக்கும் லாக்நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே மயிரிழை திரும்பியிருக்கிறது. ஸ்க்ரூடிரைவரை அழுத்திப் பிடித்தபடி இறுக்கி, மறுபடி அளந்தால் சரி.

எதிர்பாராதது: சத்தமே போடாத 4-ஆம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வில் இடைவெளியே இல்லை! இன்னொரு தவறு: என்ஜின் புல்லியில் Z1 குறி வந்ததும், சரிசெய்ய வேண்டியது முதல் சிலிண்டர் என்று நினைத்துவிட்டேன். அதே குறியில் 4-ஆம் சிலிண்டரின் பிஸ்டனும் உச்சத்துக்கு வரும். டிஸ்ட்ரிபியூட்டர் ரோட்டர் (ஸ்பார்க்கை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்துவிடும் சுழல் பாகம்) எந்தச் சிலிண்டரைக் காட்டுகிறது என்று பார்த்திருக்க வேண்டும். டர்போ சூட்டில் இடைவெளி இல்லாமல் அப்படியே ஓட்டியிருந்தால் வால்வு கருகியிருக்கும். சத்தம் போட்டதற்கு நன்றி சொல்ல வேண்டியதுதான்.

அப்புறம், Z1 குறியிலிருந்து புல்லியை 120 டிகிரி திருப்பும்போதெல்லாம் அடுத்த சிலிண்டரைச் சரிசெய்யலாம், வரிசை 1-6-2-4-3-5.