நடுவரின் கெடு முடிந்து நீதிமன்றம் போனவர்கள் எழுதுங்கள்

பைல் காண்டிராக்டர்:
பாலம் வேலை. பைல், அதாவது அடித்தளத் தூண், ஆழம் கூடியதற்கான பில்தான் தகராறு; அது நடுவரிடம் போனது. நடுவர் தீர்ப்பு சொல்லவேண்டிய பன்னிரண்டு மாதக் கெடு போய், இருதரப்பும் கையெழுத்திட்டு நீட்டித்த ஆறு மாதமும் போய், இறுதி வாதம். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "ஐயா, நேற்றோடு தங்கள் அதிகாரம் முடிந்துவிட்டது" என்றார். நடுவர் ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர். ஒன்றும் பேசாமல் பேனாவை மூடி சட்டைப் பையில் செருகிக்கொண்டார். அந்த 'டக்' சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

கெடுவை நீட்டிக்கக் கேட்டு, நடுவர் சட்டத்தின் (Arbitration Act) 29ஏ பிரிவில் நீதிமன்றத்தில் மனுப் போட்டோம். கெடு முடிந்தபின் போட்ட மனு செல்லாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டி இழுத்தார்கள். 2024 செப்டம்பர் 12 அன்று ரோஹன் பில்டர்ஸ் வழக்கில், கெடு முடிந்த பிறகும் மனுப் போடலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

எம்புக்:
கோபிக்காதீர்கள், தவறு உங்களுடையது. எந்த நாளிலிருந்து எண்ணினீர்கள்? 2019 திருத்தத்துக்குப் பிறகு, கோரிக்கையும் எதிருரையும் முடிந்த நாளிலிருந்துதான் பன்னிரண்டு மாதம். முதல் அமர்விலிருந்து எண்ணி ஏமாந்தவர்கள் பலர்.

பைல் காண்டிராக்டர்:
அப்படி எண்ணித்தான் சொல்கிறேன்.

சாலைக்காரன்:
எனக்கு வேறு கதை. நடுவரை எதிர்த்தரப்பான துறையே நியமித்தது, நானும் வாய்மூடி இரண்டு ஆண்டு நடந்தேன். தோற்ற பிறகுதான் உறைத்தது. தகராறு வந்தபின் எழுத்தில் ஒப்புக்கொண்டால் மட்டுமே அப்படிப்பட்ட நடுவரை ஆட்சேபிக்கும் 12(5) பிரிவு உரிமை போகும், வெறுமனே ஆஜரானால் போகாது என்றார் வக்கீல். வழக்கு நடக்கிறது.

எல்லோருக்கும் சொல்கிறேன்: ஒருதலையாக நடுவரை நியமிக்கும் ஷரத்து ஒப்பந்தத்தில் இருந்தால் முதல் கடிதத்திலேயே ஆட்சேபியுங்கள். அரசு ஒப்பந்தங்களில் அத்தகைய ஷரத்து செல்லாது என்று 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வே சொல்லிவிட்டது. கெடு முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே நீட்டிப்பு மனுவைத் தயாராக வையுங்கள். வாய்தா கேட்டவர் யார் என்பதை ஒவ்வொரு அமர்வுக் குறிப்பிலும் எழுதச் சொல்லுங்கள். நடுவர் இழுத்தடித்தால், தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் 5% வரை அவர் கட்டணத்தைக் குறைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. கேட்டீர்களா பைல்?

பைல் காண்டிராக்டர்:
கேட்கவில்லை. அவர் இழுக்கவில்லையே. வாய்தா கேட்டது அவர்கள் ஐந்து முறை, நான் இரண்டு முறை. அதில் ஒன்று, பழைய எம்புக் (வேலை அளவுகளைப் பதியும் புத்தகம்) எங்கே வைத்தேன் என்று தெரியாமல்.