படப்படியில் கிடந்த மஞ்சள் நுரை: என்னவென்று சொல்லுங்களேன்

வணக்கம். ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். ஐப்பசி அடைமழை விட்ட மறுநாள், எங்கள் தொழுவத்துக்குப் பின்னால் மட்கிப்போன வைக்கோல் படப்படியில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் நுரை போல ஒன்று கிடந்தது. ஆச்சி பார்த்துவிட்டு, "நாய் கக்கி வச்சிருக்கு, மண்ணள்ளிப் போடுலே" என்றாள். நான் போடவில்லை. சாயங்காலம் போய்ப் பார்த்தால் ஒரு சாண் தள்ளி, பழைய தென்னை மட்டை மேல் ஏறியிருக்கிறது! மறுநாள் காலையில் வெளுத்து ஓடு கட்டிவிட்டது. குச்சியால் தொட்டதும் கரும்பழுப்புத் தூள் பறந்தது.

காளான் இல்லை, சளிப்பூஞ்சை என்று நினைக்கிறேன். பெயரில்தான் பூஞ்சை, உண்மையில் அமீபாவுக்குச் சொந்தம். பாக்டீரியாவைத் தின்றுகொண்டே நகரும். ஃபுலிகோ செப்டிகா என்ற இனமாக இருக்கலாம். (அதற்கு ஆங்கிலத்திலும் நாய்வாந்தி என்றுதான் பெயர், ஆச்சி தோற்கவில்லை.) அதன் ஓட்டில் சுண்ணாம்பு இருக்கும் என்பதால் ஒரு துண்டில் வினிகர் விட்டுப் பார்த்தேன், பொங்கியது. ஆனால் ஃபைசாரம் என்ற வேறு சளிப்பூஞ்சை வகைகளிலும் சுண்ணாம்பு உண்டே, அங்கேதான் முட்டுகிறது.

ஐநேச்சுரலிஸ்டில் (பார்த்த உயிரினங்களைப் பதிவிடும் இணையதளம்) படங்களை ஏற்ற வேண்டும். இனப்பெயர் வரை போடலாமா, பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளவா? காய்ந்த துண்டு ஒன்றைத் தீப்பெட்டியில் வைத்திருக்கிறேன். பாளையங்கோட்டைப் பக்கம் நுண்ணோக்கி வைத்திருப்பவர்கள் அந்தத் தூளில் இருக்கும் வித்துகளைப் பார்த்துச் சொல்ல முடியுமா? நானே பஸ் ஏறி வருகிறேன். அப்புறம், களக்காடு, பாபநாசம் பக்கம் யாராவது இதைப் பார்த்திருந்தால் தேதியையும், எதன் மேல் இருந்தது என்பதையும் சொல்லுங்கள்.