கலைச்சொல் தேவை: மலேரியா மறுபடி காலூன்றாமல் தடுப்பது

வவுனியா மொழிபெயர்ப்பாளர்:
அன்பர்களே, பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களுக்கான மலேரியாக் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். எராடிகேஷன், எலிமினேஷன், ரீஎஸ்டாப்ளிஷ்மென்ட் என்ற மூன்றில் நிற்கிறேன். முதலாவது, உலகத்திலேயே நோய் இல்லாமற்போவது. 1980-இல் பெரியம்மைக்கு அறிவித்தார்களே, அது. இரண்டாவது, ஒரு நாட்டுக்குள் தொற்றுச் சங்கிலி அறுவது. 2016 செப்டம்பரில் இலங்கைக்கு உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது இதற்குத்தான். மூன்றாவது, அறுந்த சங்கிலி திரும்பவும் தொடங்குவது. முதல் இரண்டுக்கும் இப்போது ‘ஒழிப்பு’ என்றே எழுதுகிறோம். ஒழித்தாயிற்று என்று படித்தவர், காய்ச்சலோடு வருகிறவரை இரத்தப் பரிசோதனைக்கு ஏன் அனுப்பப்போகிறார்?

மதுரை பேராசிரியர்:
நல்ல கேள்வி. ‘ஒழிபு’ என்றால் எஞ்சியது என்றும் பொருள். யாப்பிலக்கணத்தில் மற்ற இயல்களில் சொல்லாமல் விட்டதைச் சொல்லும் இயலுக்கு ஒழிபியல் என்றுதான் பெயர். ஆக, அந்த வேரிலேயே மிச்சம் இருக்கிறது. எராடிகேஷனுக்கு ‘வேரறுப்பு’ பொருந்தும். இலத்தீனிலும் அது வேரைப் பிடுங்குவதுதான். எலிமினேஷனின் மூலம் வாசற்படி, அதாவது படிக்கு வெளியே தள்ளுவது. தமிழில் கடை என்பது வாசல். ‘கடைநீக்கம்’ என்று வைத்தால் என்ன?

சென்னை பொறியாளர்:
ஐயா, கடை என்றால் இன்று மளிகைக்கடைதான். பரிசோதகருக்கு விளங்காத சொல் எவ்வளவு தூய்மையாக இருந்தும் பயனில்லை. ‘மலேரியா அகற்றல்’, ‘மீள்வருகைத் தடுப்பு’ என்று போட்டுவிடலாமே. அப்புறம், ‘நுளம்பு’ என்பதைக் ‘கொசு’ என்று மாற்றினால் இங்கேயும் பயன்படும்.

யாழ்ப்பாணம் மருத்துவர்:
நுளம்பை விட்டுவிடுங்கள் தம்பி, கையேடு எங்கள் ஆட்களுக்கு. ‘அகற்றல்’ என்றால் எங்களுக்குக் கட்டி அகற்றுவதுதான். ‘மீள்வருகை’ அதைவிட ஆபத்து. மலேரியா வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆப்பிரிக்கா போய்வரும் மாணிக்கக்கல் வியாபாரி, ஐ.நா. அமைதிப்படையிலிருந்து திரும்பும் சிப்பாய், இந்தியாவிலிருந்து வரும் தொழிலாளி எல்லோரும் இரத்தத்தில் கொண்டுவரலாம். வருவது வேறு, ஊன்றுவது வேறு. கடைசி உள்நாட்டு நோயாளி 2012 அக்டோபரில். அதன்பின் 2018 இறுதியில், வெளியிலிருந்து வந்த ஒருவரிடமிருந்து உள்ளூர்வாசி ஒருவருக்குத் தொற்றியது. கண்டுபிடித்து அடக்கினார்கள், ஊன்றவில்லை. 1963-இல் நாடு முழுவதற்கும் 17 பேர்தான். நுளம்பு மருந்துத் தெளிப்பை நிறுத்தினார்கள், கண்காணிப்பும் தளர்ந்தது. 1968, 69-இல் ஐந்து இலட்சத்துக்கு மேல். அதுதான் ஊன்றுவது. நோயைத் தரும் ஒட்டுண்ணிதான் போனது, அதைப் பரப்பும் நுளம்பு போகவில்லை. இந்த வேறுபாட்டைச் சொல் காட்டவேண்டும்.

மதுரை பேராசிரியர்:
ஏற்கிறேன். பகையின் எச்சத்தைத் தீயின் எச்சத்தோடு சேர்த்து வள்ளுவர் எச்சரித்தது இங்கே அப்படியே பொருந்துகிறது. கொசு பற்றி ஒன்று சொல்லியாகவேண்டும்: பழைய வடிவம் கொதுகு, அது கொசுகு ஆகி, கொசு ஆயிற்று. ஆகவே அதைக் கொச்சை என்று யாரும் தள்ளவேண்டாம். ‘மீள்’ எனக்கும் வேண்டாம். காய்ச்சலிலிருந்து மீண்டார் என்றால் குணமானார் என்று பொருள்.

சென்னை பொறியாளர்:
அப்படியானால் ‘மறுவேரூன்றல்’. வேரறுப்போடு இணையாகவும் நிற்கிறது. எங்கள் ஊரில் மேல்நிலைத் தொட்டிகளில் வளர்ந்து மலேரியாவைப் பரப்பும் ஸ்டீபென்சி கொசு இப்போது மன்னார்க் கிணறுகளிலும் இருக்கிறது. வேர் பிடிக்க இடம் தயாராக இருக்கிறது என்பதைச் சொல்லே சொல்லிவிடும்.

டொராண்டோ ஆசிரியர்:
எல்லாம் சரி, ‘மலேரியா’ மட்டும் ஏன் அப்படியே நிற்கிறது? முறைக்காய்ச்சல் என்று நம்மிடம் சொல் இருக்கிறதே.

யாழ்ப்பாணம் மருத்துவர்:
அதைத் தொடாதீர்கள் ஐயா. பரிசோதனை அறிக்கையில் மலேரியா என்றுதான் வரும், நோயாளியும் அப்படித்தான் கேட்பார். ‘மறுவேரூன்றல்’ நல்ல சொல், ஆனால் ஒரு சிக்கல். மலேரியா ஒட்டுண்ணிகளில் ஒரு வகையான வைவாக்ஸ் ஈரலில் உறங்கிக் கிடந்து, மாதங்கள் கழித்து அதே ஆளுக்குத் திரும்பக் காய்ச்சல் தரும். அதனால்தான் பிரைமாகுவின் மாத்திரையை 14 நாளும் விடாமல் விழுங்கச் சொல்கிறோம். இது ஆளுக்குள் நடப்பது, மற்றது நாட்டுக்குள் நடப்பது. இரண்டும் குழம்பக்கூடாது.

வவுனியா மொழிபெயர்ப்பாளர்:
எல்லோருக்கும் நன்றி. ஆளுக்குள் திரும்புவதற்கு ‘மறுதாக்கம்’. நாட்டுக்குள் என்றால் ‘மறுவேரூன்றல்’. அதைத் தடுப்பது ‘மறுவேரூன்றல் தடுப்பு’. எலிமினேஷனுக்கு ‘உள்நாட்டுத் தொற்றறுப்பு’ என்று எழுதி, நுளம்பு இன்னும் இருக்கிறது என்று முதல் பக்கத்திலேயே பெட்டிக்குள் போடுகிறேன். மலேரியா மலேரியாவாகவே இருக்கும்.

மதுரை பேராசிரியர்:
காலக்கெடு புரிகிறது, அச்சிடுங்கள். ஆனால் ‘தொற்றறுப்பு’ எனக்கு உடன்பாடில்லை. அறுப்பது நம் வினை. சான்று தருவதோ, மூன்று ஆண்டுகள் தொடர்ந்து உள்நாட்டுத் தொற்று இல்லாத நிலைக்கு. நிலையைக் குறிக்க ‘தொற்றறவு’ என்றே வரவேண்டும். அடுத்த பதிப்புக்கு இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.