வயல்வெளியில் அக்ரிலிக் வண்ணம் தட்டிலேயே காய்ந்துவிடுகிறது: என்ன செய்யலாம்?

கேள்வி (தண்டையார்பேட்டையிலிருந்து)

வணக்கம். நான் ஓர் அச்சகத்தில் பணிபுரிகிறேன். இரண்டு ஆண்டுகளாக வீட்டுக்குள் புகைப்படங்களைப் பார்த்து அக்ரிலிக்கில் வரைந்துவந்த நான், கடந்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாகக் கும்மிடிப்பூண்டி ரயிலில் பொன்னேரிக்குச் சென்று, வரப்பில் ஈசலை (கான்வாஸைத் தாங்கும் சட்டத்தை) நிறுத்தி, நவரை நெல்லையும் அதற்கு அப்பால் நிற்கும் பனைகளையும் நேரில் பார்த்தே தீட்ட முயன்றுவருகிறேன். மூன்று முறையும் படம் கெட்டுவிட்டது.

முதல் சிக்கல் வானம். மேலே அடர்நீலத்தில் தொடங்கிப் பனைவரிசையை நெருங்கும்போது வெளிறிய மஞ்சளாக இறங்க வேண்டும் என்று நினைத்துத் தீட்டினால், பாதிக்கு வருவதற்குள் மேல்பகுதி காய ஆரம்பித்துவிடுகிறது. அதைச் சரிசெய்ய மீண்டும் பிரஷை வைத்தால், வண்ணம் தோல் உரிவதுபோலப் பிய்ந்து, அடியிலுள்ள வெள்ளை தெரிகிறது. தட்டில் பிழிந்துவைத்த வண்ணமும் பத்து நிமிடத்தில் ரப்பராகிவிடுகிறது. இரண்டாவதாக, வயலில் பார்க்கும்போது பளிச்சென்று இருந்த பச்சை வீட்டுக்கு வந்ததும் கறுத்துத் தெரிகிறது.

மூன்றாவது எனக்கே சிரிப்பை வரவழைத்தது. காய்ந்துவிட்டது என்று நம்பி இரண்டு சிறிய கான்வாஸ்களை முகத்தோடு முகம் வைத்துப் பையில் திணித்துக்கொண்டு வந்தேன். வீட்டில் பிரித்தபோது ஒன்றிலிருந்த பனையின் தலை கழன்று, மற்றதன் வானத்தில் தலைகீழாக ஒட்டிக்கொண்டிருந்தது. நான் காலை 10 மணிக்குத் தொடங்கி ஒரு மணி வரை தீட்டுகிறேன். வண்ணத்தை மாற்ற வேண்டுமா, முறையை மாற்ற வேண்டுமா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் (ராயபுரத்திலிருந்து, முன்னாள் பேனர் ஓவியர்)

தம்பி, முதலில் நேரத்தை மாற்றுங்கள். 10 மணிக்குத் தொடங்குவது என்பது வெயிலும் காற்றும் ஒன்றுசேரும் வேளையில் போய் நிற்பதுதான். விடிந்ததும் தொடங்கி 9 மணிக்குள் பெரிய பரப்புகளை முடித்துவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.

வானத்துக்கு வேண்டிய மூன்று நிறங்களையும், அதாவது மேல்நீலம், நடுவில் வெளிறிய நீலம், அடியில் மஞ்சள் கலந்த வெள்ளை ஆகியவற்றை, தேவைக்குச் சற்று அதிகமாகவே முன்கூட்டிக் கலந்து வைத்துக்கொண்டு, ஸ்பிரே பாட்டிலால் கான்வாஸை லேசாக நனைத்து, இரண்டு அங்குலப் பட்டை பிரஷால் நிறுத்தாமல் தீட்டிவிடுங்கள். வானத்தின் நடுவே நின்று நிறம் கலந்துகொண்டிருந்தால் அது காத்திருக்காது. நாங்கள் பேனர் எழுதிய காலத்தில் எனாமல் எங்களுக்கு அவகாசம் கொடுத்தது. இந்த வண்ணம் கொடுக்காது. எங்காவது பாதி காய்ந்துவிட்டால் அதைத் தொடவே தொடாதீர்கள். முழுவதும் காயவிட்டு அதன்மேல் இன்னொரு மெல்லிய பூச்சாகப் பூசுங்கள். வண்ணம் கெட்டியானால் தாராளமாகத் தண்ணீர் விட்டுக்கொள்ளலாம்.

பதில் (திருவொற்றியூரிலிருந்து, ஓவிய ஆசிரியை)

ஐயா சொன்ன நேரமும் வரிசையும் முற்றிலும் சரி. தண்ணீரைப் பற்றிச் சொன்னதில் மட்டும் எனக்குச் சற்றே மாறுபட்ட கருத்து உண்டு. அக்ரிலிக் என்பது நீரில் மிதக்கும் மிக நுண்ணிய பிளாஸ்டிக் துகள்களோடு நிறமியைக் கலந்து செய்வது. நீர் ஆவியானதும் அந்தத் துகள்கள் நெருங்கி ஒன்றோடொன்று இணைந்து படலமாகிவிடுவதால், அதன்பின் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் கரையாது. பாதி இணைந்த நிலையில் பிரஷ் பட்டால் படலம் கிழிகிறது. உங்கள் வானத்தில் நடந்தது அதுதான். அளவுக்கு மீறித் தண்ணீர் சேர்த்தால் துகள்கள் சிதறிப் படலம் வலுவிழக்கிறது. வாட்டர்கலர் தாளில் அது பெரிதாகத் தெரியாது, ஆனால் ப்ரைமர் என்னும் அடிப்பூச்சு பூசிய கான்வாஸில் பிறகு உதிரக்கூடும். ஆகவே மெல்லியதாக வேண்டுமானால் அக்ரிலிக் மீடியம், அதாவது நிறமி சேர்க்காத அதே பிளாஸ்டிக் பசை, சேர்ப்பது நல்லது. ரிடார்டர் சேர்த்தால் காய்வது தாமதமாகும். நான் பத்துப் பங்கு வண்ணத்துக்கு ஒரு பங்குக்குமேல் சேர்ப்பதில்லை, ஏனெனில் அது மிகுந்தால் படம் நாள்கணக்கில் பிசுபிசுக்கும். கோல்டன் நிறுவனம் 2008-இல் கொண்டுவந்த ஓப்பன் என்னும் வகை மெதுவாகக் காய்வதற்கென்றே செய்யப்பட்டது. ஆனால் விலை அதிகம், முதலில் தட்டைச் சரிசெய்யுங்கள்.

அதற்குச் செலவே இல்லை. இறுக்கமான மூடியுள்ள தட்டையான பிளாஸ்டிக் டப்பா ஒன்றில், நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியை நான்காக மடித்து விரியுங்கள். அதன்மேல் கேக் செய்பவர்கள் தட்டில் விரிக்கும் பேப்பரை வைத்து, அந்தப் பேப்பரின்மீது வண்ணத்தைப் பிழியுங்கள். அடியிலிருந்து ஈரம் ஊறிக்கொண்டே இருப்பதால் மணிக்கணக்கில் தாங்கும். ரயில் ஏறும்போது மூடிவிட்டால் மறுநாளும் பயன்படும்.

பச்சை கறுப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஈரத்தில் பால்போல் இருக்கும் பசை காய்ந்ததும் கண்ணாடிபோல் தெளிந்துவிடுவதால் எல்லா நிறமும் ஒரு படி அடர்கிறது. அதைவிடப் பெரிய காரணம், கான்வாஸ்மீது நேராக வெயில் விழுவது: அந்த வெளிச்சத்தில் எந்த நிறமும் பிரகாசமாகத் தெரியும், கண்ணும் கூசும், ஆகவே நம்மை அறியாமலேயே அடர்த்தியாகக் கலந்துவிடுகிறோம். கான்வாஸும் தட்டும் நிழலில் இருக்கட்டும். வண்ணக் குடை வேண்டாம், அதன் சாயல் படத்தில் விழும். கறுப்புக் குடை போதும்.

பனைத்தலை கழன்றது பற்றி ஒரு சொல். அக்ரிலிக் படலம் காய்ந்த பிறகும் வெப்பத்தில் மென்மையாகும். மூடிய பையின் சூட்டில் இரண்டு படங்கள் அழுந்தினால் ஒட்டத்தான் செய்யும். அதே கேக் பேப்பரை இடையில் வையுங்கள். மறுபடியும் ஒட்டினால் இழுக்காமல் சற்றுக் குளிரவைத்துப் பிரியுங்கள்.

பதில் (மீஞ்சூரிலிருந்து)

எங்கள் பக்கத்து வயல்களில் இடம் தேர்வதற்கு ஒரே ஒரு யோசனை. கடல் கிழக்கே இருக்கிறது. முற்பகலில் வெயிலும் அங்கிருந்துதான் வருகிறது, பின்னர் எழும் கடற்காற்றும் அங்கிருந்துதான். ஆகவே பம்புசெட் அறையின் மேற்குச் சுவரை ஒட்டி அமர்ந்தால் நிழலும் காற்றுமறைவும் ஒருசேரக் கிடைக்கும். மேற்கு நோக்கிப் பார்ப்பதால் வயல் முழுவதும் வெளிச்சமாக, நிழல் குறைந்து தட்டையாகத் தெரியும் என்பது ஒரு குறைதான். நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அமருங்கள். ஈசலின் நடுவில் தண்ணீர் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டால் சாயாது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. இந்த ஞாயிறு 6.30 மணிக்கே பம்புசெட் சுவரோரம் அமர்ந்துவிட்டேன். வானம் கால் மணி நேரத்தில் முடிந்தது. ஓரிடத்தில் மட்டும் கை நிற்காமல் தொட்டுக் கெடுத்தேன். டப்பாவில் வண்ணம் கடைசிவரை ஈரமாக இருந்தது. ஆனால் பச்சை இன்னும் சற்றுக் கறுப்பாகவே தெரிகிறது. தாலோ பச்சை என்னும் அடர்பச்சையில் எலுமிச்சை மஞ்சள் சேர்க்கிறேன்.

பதில் (ஓவிய ஆசிரியை)

தாலோ பச்சை ஒரு துளி போட்டாலே மற்றதை விழுங்கிவிடும். மஞ்சளை முதலில் எடுத்து, அதில் பிரஷின் நுனியளவு பச்சையைச் சேர்த்துப் பாருங்கள்; அது செயற்கைப் பச்சையாகக் கண்ணைக் கூசினால், பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பைத் துளி சேர்த்தால் அடங்கும். கலந்த ஒவ்வொரு நிறத்தையும் ஒரு துண்டுக் கான்வாஸில் தடவிக் காயவைத்து, அந்தத் துண்டை வயலுக்கு நேரே பிடித்து ஒப்பிட்ட பிறகு படத்தில் வையுங்கள். உங்கள் வெயிலில் அது காய இரண்டு நிமிடம்கூட ஆகாது.