உடம்புக்குள் வைத்த கருவியை யார் கண்காணிப்பது?

வெள்ளவத்தை_வாணி:
அமெரிக்காவில் 'எஷூர்' என்றொரு சுருள், கருக்குழாய்க்குள் வைக்கும் நிரந்தரக் கருத்தடை, 2002இல் அனுமதி பெற்றது. வலி, இரத்தப்போக்கு, சுருள் இடம் மாறுவது என்று பெண்கள் வருடக்கணக்காக முறையிட்டு, 2016இல்தான் அங்குள்ள மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. கடும் எச்சரிக்கை போடச் சொன்னது. 2018 முடிவோடு அதைத் தயாரித்த பேயர் கம்பனி அங்கே விற்பனையை நிறுத்தியது. அங்கேயே இவ்வளவு காலம் எடுத்தது என்றால், இலங்கையில் இறக்குமதி செய்து வைக்கிற நமக்கு யார் சொல்வார்கள்? எந்தப் பெண்ணுக்கு எந்தக் கருவி என்று தேசியப் பதிவேடு வேண்டும்.

மருதானை_பார்மசி:
அக்கா, எஷூரைக் காட்டி, கருத்தடைக்காகக் கருப்பைக்குள் வைக்கும் லூப்பையும் கைத்தோலுக்கடியில் வைக்கும் ஜடெலையும் சந்தேகிக்க வைக்காதீர்கள். செம்பு லூப் 10 வருடம், ஜடெல் 5 வருடம், இரண்டும் உலகமெங்கும் நீண்ட காலம் பாவித்துப் பார்த்தவை. பயந்துபோய்க் கழற்றிவிட்டு, வேண்டாத கர்ப்பத்தோடு கிளினிக் வாசலில் நிற்கிற பெண்ணுக்கு என்ன பதில் சொல்வது? 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை கருவிகளையும்தான் பதிவு செய்கிறது.

வெள்ளவத்தை_வாணி:
தம்பி, அது நாட்டுக்குள் வரும்போது செய்கிற பதிவு. கேள்வி அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றியது. கருப்பை இறக்கத்துக்கு, அதைத் தாங்கிப்பிடிக்க யோனி வழியாக வைத்த வலைகளில் பல, பழைய வலையைப் போன்றதுதான் என்று காட்டியே அமெரிக்கச் சந்தைக்கு வந்தவை. 2019 ஏப்ரலில் எஃப்.டி.ஏ. விற்பனையை நிறுத்தச் சொன்னபோது எத்தனையோ பெண்களுக்கு வைத்தாகிவிட்டது.

கொட்டாஞ்சேனை_மகள்:
அம்மாவுக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வலை வைத்தார்கள். இப்போது வலி. எந்தக் கம்பனி வலை என்று புது டொக்டர் கேட்கிறார், டிஸ்சார்ஜ் துண்டில் 'மெஷ்' என்று மட்டும்தான் இருக்கிறது, ஆஸ்பத்திரியில் கேட்டால் பழைய ஃபைல் இல்லையாம்.

மருதானை_பார்மசி:
அது பெரிய அநியாயம், தங்கச்சி. பெட்டியில் இருக்கும் லொட் நம்பரை (தயாரிப்புத் தொகுதி எண்) நோயாளியின் துண்டில் எழுதிக் கொடுப்பதைக் கட்டாயமாக்கலாம், அதற்கு நானும் சரி. ஆனால் முறைப்பாடு வந்ததாலேயே கருவிதான் காரணம் என்று ஆகிவிடாது.

வெள்ளவத்தை_வாணி:
ஆகாதுதான். அதனால்தான் பதிவேடு கேட்கிறேன். மொத்தம் எத்தனை பேருக்கு வைத்தார்கள் என்று தெரியாமல், முறைப்பாடு கூடவா குறையவா என்று எப்படிச் சொல்வது? நீங்கள் நம்புகிற லூப் பாதுகாப்பானது என்று காட்டவும் அந்தக் கணக்குத்தான் வேண்டும். செலவை இறக்குமதி செய்கிற கம்பனிகளிடம் பதிவுக் கட்டணத்தோடு சேர்த்து அறவிடட்டும்.