பாப்பா வரைந்த விஞ்ஞானி

(குழு: நம்ம வீடு)

அக்கா: பள்ளியில் 'ஒரு விஞ்ஞானியை வரை' என்றார்களாம். பாப்பா வரைந்ததைப் பாருங்கள்.

[படம்]

சுரண்டை மாமா: அடடே, அருமை! குத்திட்டு நிற்கிற நரைமுடி, சோடாபுட்டிக் கண்ணாடி, குடுவையில் பச்சைப் புகை! கைநடுக்கமே இல்லாமல் கோடு போட்டிருக்கிறாள்.

அக்கா: அழகுதான் மாமா. பெண் விஞ்ஞானி இருக்கமாட்டாரா என்று கேட்டேன். "பொம்பளைங்க டீச்சர் ஆகலாம், டாக்டர் ஆகலாம். விஞ்ஞானி தாத்தா மாதிரிதான் இருப்பாங்க" என்கிறாள். அதுதான் மனசை உறுத்துகிறது.

அப்பா: எட்டு வயசுப் பிள்ளைதானேம்மா. வளர்ந்தால் தானாகப் புரியும்.

தம்பி: இல்லைப்பா, வளர வளரத்தான் இது இறுகுகிறது. 1983இல் சேம்பர்ஸ் என்பவர் வெளியிட்ட ஆய்வில் 4,807 பிள்ளைகள் விஞ்ஞானியை வரைந்தார்கள். பெண்ணை வரைந்தவர்கள் 28 பேர்தான், அத்தனை பேரும் சிறுமிகள். அமெரிக்காவில் பிறகு நடந்த ஆய்வுகளையெல்லாம் 2018இல் சேர்த்துப் பார்த்தபோது 100க்கு 28 என்று ஏறியிருந்தது. ஆனால் அங்கேயும் 6 வயதுச் சிறுமிகளில் சுமார் 70 விழுக்காட்டினர் பெண்ணை வரைகிறார்கள், 16 வயதில் அது சுமார் 25 ஆகிவிடுகிறது.

அக்கா: கேட்கவே வருத்தமாக இருக்கிறது.

சுரண்டை மாமா: நம்ம செங்கோட்டைப் பெண் நிகர் ஷாஜியைப் பற்றிச் சொல்லம்மா. ஆதித்யா எல்1 திட்ட இயக்குநராக இருந்தவர். 2023 செப்டம்பர் 2இல் கிளம்பி 15 லட்சம் கிலோமீட்டர் போய்ச் சூரியனைப் பார்க்கிற விண்கலம். அந்த அம்மா படித்தது நம்ம பக்கத்து அரசுப் பள்ளியில்.

அக்கா: சொன்னேன் மாமா. "அவங்க டிவியில வர்றவங்க" என்றாள். சரி, சித்தி என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டேன். "ஆபீஸ் போறாங்க" என்றாள்.

நான்: அக்கா, இது என் தப்பு. ஆறு வருஷமாக மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். டிபன் பாக்ஸோடு பஸ் ஏறுவதைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். உள்ளே என்ன செய்கிறேன் என்று ஒருநாளும் உட்கார்ந்து சொன்னதில்லை.

அப்பா: மண் பார்க்கிறதும் விஞ்ஞானம்தானாம்மா?

நான்: ஆமாம்ப்பா. கிணற்றடி வயலில் நெல் வெளுத்துப் பழுப்புப் புள்ளி விழுந்ததே, நினைவிருக்கிறதா? இன்னொரு மூட்டை யூரியா போடலாம் என்றீர்கள். மண்ணைச் சோதித்த பிறகுதான் துத்தநாகச் சத்துக் குறைவு என்று தெரிந்தது. ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் போட்டோம், பயிர் தேறியது. சந்தேகப்பட்டோம், சோதித்தோம், காரணத்தைக் கண்டுபிடித்தோம். விஞ்ஞானி செய்வதும் அதைத்தானே?

அப்பா: அது சரிதான். நான் அப்படி நினைத்ததே இல்லை.

நான்: ஞாயிற்றுக்கிழமை பாப்பாவை வயலுக்கு அனுப்பு அக்கா. அவளே மண் எடுக்கட்டும். ஆங்கில 'வி' மாதிரி அரை அடிக் குழி வெட்டி, பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை சுரண்ட வேண்டும். மரத்தடி, வரப்போரம், எருக்குழிப் பக்கம் மட்டும் வேண்டாம். பத்துப் பதினைந்து இடத்தில் எடுத்ததைச் சாக்கில் கொட்டிக் கலந்து, வட்டமாகப் பரப்பி நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டைத் தள்ளிவிட வேண்டும். அரைக் கிலோ மிஞ்சும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். நிழலில் காயட்டும். பள்ளி விடுமுறையில் கூடத்துக்கு அழைத்துப்போய், அந்த மண்ணின் கார அமிலத்தன்மையை அவள் கையாலேயே அளக்க வைக்கிறேன்.

தம்பி: குழி வெட்ட நானும் வருகிறேன்.

அக்கா: பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். "சித்தி, அன்னைக்குக் கண்ணாடி போடணுமா?" என்று கேட்கச் சொல்கிறாள்.

நான்: வேண்டாம் தங்கம். தொப்பி, மண்வெட்டி, ஒரு பிளாஸ்டிக் வாளி போதும். நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள், எங்கெங்கே எடுத்தோம் என்று நீதான் எழுத வேண்டும்.

அப்பா: வாளியை நான் தேய்த்துக் கழுவி வைக்கிறேன். போன வாரம் உரம் கரைத்த வாளி அது, மண்ணோடு கலந்தால் கணக்குத் தப்பிவிடும்.