மாமாவின் ஸ்டாக்ஹோம் பட்டியல்

முரளி மாமா: கவிதா, ஜூன் மாதம் ஸ்டாக்ஹோம் வருகிறோம். டூர்க்காரர் கொடுத்த பட்டியலில் ஒரே நாளில் அரண்மனை, பழைய நகரம், வாசா கப்பல், ஸ்கான்சென், நகர மன்றம் எல்லாம் இருக்கிறது. முடியுமா?

கவிதா: ஓடினால் முடியும் மாமா. ஆனால் எதையும் பார்த்த மாதிரி இருக்காது. வாசாவுக்கு மட்டும் அரை நாள் வையுங்கள். வேறு எது விட்டுப்போனாலும் பரவாயில்லை.

வசந்தா அத்தை: ஒரு கப்பலுக்கு அரை நாளா?

கவிதா: அத்தை, 1628 ஆகஸ்ட் 10 அன்று முதல் பயணம் கிளம்பி, சுமார் 1,300 மீட்டர் போனதுமே மூழ்கிய கப்பல் அது. 64 பீரங்கிகள், மேலே அவ்வளவு கனம். அடியில் அதற்கேற்ற பாரம் இல்லை. காற்று வீசியதும் சாய்ந்தது, திறந்திருந்த பீரங்கித் துளைகள் வழியாகத் தண்ணீர் புகுந்துவிட்டது. 333 வருடம் கழித்து, 1961இல்தான் மேலே தூக்கினார்கள்.

அருண்: அத்தனை வருடம் மரம் மக்காமலா இருந்தது அக்கா?

கவிதா: பால்டிக் கடலில் உப்பு குறைவுடா. மரத்தைத் துளைக்கும் கப்பல் புழு அங்கே பிழைக்காது. வெளியே எடுத்ததும் காய்ந்து வெடித்துவிடக் கூடாதே என்று 17 வருடம் ரசாயனக் கரைசலைத் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். இப்போது நிற்பதில் 95 சதவீதத்துக்கு மேல் பழைய மரமேதான்.

கவிதா: பின்பக்கம் போய் அண்ணாந்து பாருங்கள். சிங்கம், வீரர்கள், கடல்கன்னி என்று ஒரு இடம் விடாமல் செதுக்கல். நம்மூர்த் தேரைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்போமே, அப்படித்தான் பார்க்க வேண்டும். கப்பலை வைத்திருக்கும் அருங்காட்சியகத்துக்குள்ளே வெளிச்சம் குறைவு, கொஞ்சம் குளிரும். அத்தைக்கு ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள்.

முரளி மாமா: சரி. நோபல் பரிசு கொடுப்பது நகர மன்றத்தில்தானே?

கவிதா: அங்கே விருந்து மாமா. பரிசு கொடுப்பது கச்சேரி மண்டபத்தில். ஹோட்டோரியெட் சந்தைச் சதுக்கத்தை ஒட்டி நீல நிறக் கட்டடம். 1930இல் சர் சி.வி. ராமன் பரிசு வாங்கியதும் அங்கேதான்.

முரளி மாமா: நம்ம திருச்சிக்காரர்! அப்போ அதைக் கட்டாயம் சேர்த்துவிடு.

கவிதா: அங்கிருந்து டி-சென்ட்ரலென் மெட்ரோ நிலையம் பக்கம்தான். நீலத் தடத்துப் பிளாட்பாரத்துக்கு இறங்குங்கள். குடைந்த பாறை மேலேயே நீலக் கொடியும் இலையுமாக வரைந்திருக்கிறார்கள். ஒரு பக்கம், அந்த நிலையத்தைக் கட்டிய தொழிலாளர்களின் நிழலுருவங்கள். தச்சர், மின்வேலைக்காரர் எல்லோரும் வேலை செய்கிற மாதிரியே. ரயிலை விட்டுவிட்டு நான் நின்று பார்ப்பேன்.

வசந்தா அத்தை: ஸ்கான்சென் என்றால் என்னம்மா?

கவிதா: பழைய கிராமத்து வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்த திறந்தவெளி அருங்காட்சியகம், 1891இல் தொடங்கியது. மேட்டில் ஏற வேண்டும் அத்தை. வாசாவும் அதே தீவில்தான், அதனால் முட்டி ஒத்துழைத்தால் சாயங்காலம் போகலாம். ஸ்லுசென் படித்துறையிலிருந்து படகில் வாருங்கள், மெட்ரோ டிக்கெட்டே செல்லும்.

அருண்: மாமா, ரொக்கம் நிறைய மாற்ற வேண்டாம். அங்கே எல்லாம் கார்டுதான்.

முரளி மாமா: நல்லது. டூர்க்காரரிடம் அரண்மனையை எடுத்துவிடச் சொல்கிறேன், வெளியிலிருந்து பார்த்தால் போதும். கவிதா, வாசாவுக்குக் காலையிலா மதியமா?

கவிதா: காலையில், திறந்த உடனே. கூட்டம் வருவதற்குள் பின்பக்கத்தைப் பார்த்துவிடலாம்.